பசை காயும் வரை

தம்பி,

இதை உட்கார்ந்து படி. நீ எதையும் நின்றுகொண்டே படிப்பவன், பாதியில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாய். பின்னறையில் உன் அப்பாவின் மேசைக்கு முன்னால் இருக்கிற நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள். பதினான்கு வருஷமாக அதில் யாரையும் உட்காரவிடாமல் காவல் காத்தவன் நீ, இன்றைக்கு நீயே உட்கார். நீ கோலாலம்பூருக்குப் பயிற்சிக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளும் எழுதி எழுதிக் கிழித்தேன். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே அடுத்தவர் வைத்த ஈயப் பொட்டில் குறை கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவள் நான், என் எழுத்தை மட்டும் சும்மா விட்டுவிடுவேனா. இது ஐந்தாவது முயற்சி. இதற்கும் ஸ்டிக்கர் ஒட்டத்தான் கை வருகிறது. ஆனால் நாளை மறுநாள் நீ வந்துவிடுவாய். நீ படித்து முடித்ததும் ஷாலினியிடம் கொடு. பெரியத்தையிடமும் கொடு, அவருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஷாலினி உங்கள் கல்யாணப் புடவைக்கு மாதிரித் துணி காட்ட வந்தாளே, அன்றைக்கு நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் அடுப்படியில் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கூப்பிடப் பின்னறைப் பக்கம் போனவள், போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். "ஆன்ட்டி, அவங்ககூட உள்ள யாரு இருக்காங்க?" என்றாள். யாரும் இல்லையே என்றேன். "பேசறாங்க ஆன்ட்டி. கொஞ்சம் பேசறாங்க, அப்புறம் நிறுத்தறாங்க, அப்புறம் சிரிக்கறாங்க. போன் ஹால்லதான் சார்ஜ்ல கெடக்கு." எனக்கு இது புதிதில்லை. நீ அந்த அறையில் பேசுவதைப் பல வருஷமாகக் கேட்டும் கேட்காதவள் மாதிரி துணி மடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். அன்றைக்கு அவளோடு சேர்ந்து நானும் கதவருகே நின்றேன். "கடல் தாண்டி மீரியில இருக்கற பள்ளிக்கூடத்துக்கு டீச்சரா போட்டுட்டாங்கப்பா அவளை. எங்க கம்பெனிக்கும் அங்க பிராஞ்ச் இருக்கு, கேட்டா மாத்திக் குடுப்பாங்க. நான் கேக்கல. நான் போய்ட்டா, நீங்க தேடி வந்தா யாருப்பா இருப்பா?" என்றாய். அப்புறம் நிறுத்தினாய். ஒரு ஆள் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அமைதி. அப்புறம் நீ சிரித்தாய். வெயில் நேரம், அடுப்பில் எண்ணெய் காய்கிற வாசனை வேறு, ஆனால் என் கையைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் விரல்கள் ஐஸ் பெட்டியில் வைத்தது மாதிரி இருந்தன.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா இறந்த எட்டாம் நாள் திரும்பி வந்தார், பாதியில் விட்ட ராக்கெட்டைச் செய்து முடித்துக் கொடுத்தார், அதனால் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன், இடமாற்றத்தை ரத்து செய்யச் சொல்லி மனு போடு என்று நீ சொன்னாயாம். அவள் கேலி செய்யவில்லை, தம்பி. லாயாங் லாயாங்கில் ரயில்பாதை ஓரம் வளர்ந்த பெண், அவளுக்கும் தெரிந்த பேய்க்கதைகள் இருக்கும். "நான் நம்பலன்னு சொல்ல வரல ஆன்ட்டி. ஆனா மீரிக்கு நான் தனியாத்தான் போவணும் போல. அப்புறம் எதுக்கு ஆன்ட்டி கல்யாணம்?" என்று மட்டும் கேட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அவள் கேள்விக்குப் பதில் என்னிடம் பதினான்கு வருஷமாக இருக்கிறது, வாய்தான் வரவில்லை.

அந்த ராக்கெட் பெட்டி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஷாலினிக்காகச் சொல்கிறேன். உன் அப்பா தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போய்வந்தார். அங்கே அவருக்கு மேலாளராக இருந்த ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்பும்போது, நம் வீட்டுப் பையனுக்கு என்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அட்டைக் குழாய்கள், ஊதினால் பறக்கிற லேசான மரத்தகடுகள், பிளாஸ்டிக் மூக்கு, ஒரு பாராசூட், விரல் பருமனில் வெடிமருந்து அடைத்த இரண்டு என்ஜின்கள். செய்முறைத் தாள் முழுக்க ஜப்பான் எழுத்து. உன் அப்பா படத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார், புரிந்துகொண்டதை யாரும் கேட்காமலே சாப்பாட்டு நேரத்தில் எனக்கு விளக்கினார். "ரெண்டு அடுக்கு, தெரியுமா? கீழ் என்ஜின் எரிஞ்சு முடியுற நேரத்துல மேல ஒரு பொறி கெளம்பி மேல் என்ஜினைப் பத்த வைக்கும். கீழது கழண்டு விழுந்துடும், மேலது போய்க்கிட்டே இருக்கும்." நான் ரசம் ஊற்றவா என்று கேட்டேன். அவர் சொன்னதில் எனக்குத் தங்கியது ஒன்றுதான். இறக்கை ஒட்டும்போது பசை காயும் வரை கையை எடுக்கக்கூடாது, நிதானமாக நூறு எண்ண வேண்டும்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். எனக்கு அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். பின்னறைக் கதவு அடுப்படிப் பக்கம் திறந்திருந்தது, அவர் முதுகு மட்டும் தெரிந்தது. மேசையில் முழங்கை ஊன்றி, தலை குனிந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கீழ் அடுக்கின் மூன்றாவது இறக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. அந்த எரிச்சலோடு, "சோறு ஆறிக் கல்லாப் போச்சு. மீன் கொழம்பா, சாம்பாரா?" என்று கத்தினேன். "ம்" என்றார். அரைமணி நேரம் கழித்தும் எழுந்து வரவில்லை. எனக்கு நாக்கு நீளம் என்று உனக்குத் தெரியும். ஒழுகுகிற குழாயிலிருந்து ஆரம்பித்து, உன் அப்பா வீட்டு ஆட்களில் ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்த்தேன். முடிவில் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்படியே அந்த மேசையிலயே உக்காந்து சாவுங்க" என்றேன். அப்புறம்தான் உள்ளே போய்த் தோளைத் தொட்டேன். மருத்துவமனையில் டாக்டர், நான் தோளைத் தொட்டபோதே உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகியிருக்கும் என்றார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தம்பி. இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த "ம்" எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஆகவே, இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று ஏதாவது இருந்தால் இது ஒன்றுதான். ஷாலினி கூப்பிட்டால் "ம்" என்று சொல்லி நிறுத்தாதே, திரும்பி முகத்தைக் காட்டு. அவள் பதில் சொல்லாமல் இருந்தால் திட்டுவதற்கு முன்னால் எழுந்துபோய் அவள் முகத்தைப் பார். இதைத் தவிர குடும்பம் நடத்துவதைப் பற்றி எனக்கு வேறு எதுவும் தெரியாது.

குளிப்பாட்டும்போது அந்த மூன்றாவது இறக்கை அவர் கட்டைவிரலில் ஒட்டியபடியே இருந்தது. பெக்கான் நானாஸில் இருக்கிற சித்தப்பாதான் வெந்நீர் ஊற்றி எடுத்து என் கையில் கொடுத்தார். காய்ந்த பசையில் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. நான் அதை உன்னிடம் கொடுத்தேன். நீ அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். அழவில்லை. கொள்ளி போட்டாய், சொன்னதையெல்லாம் செய்தாய், ஆனால் எட்டு நாள் ஒரு சொல் பேசவில்லை. சூடாகத் தே கலந்து, அதில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்தால் வாயில் வைத்துக்கொண்டே இருப்பாய், விழுங்கமாட்டாய். கணவன் போன துக்கத்தைவிட, இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்ற பயம்தான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது.

எட்டாம் நாள் படையலை அவர் உயிர் போன அறையிலேயே வைத்தோம். படத்துக்கு முன்னால் வாழையிலை, மீ கோரெங் நூடுல்ஸ், நெத்திலி சம்பல், தே, சிகரெட் பாக்கெட், ஒரு டின் பீர். நீ பேசாமல் வந்து பாதி செய்த ராக்கெட்டையும் பசையையும் அந்த மூன்றாவது இறக்கையையும் இலைக்குப் பக்கத்தில் வைத்தாய். வழக்கப்படி விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் ஹாலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். வந்தவர் சாப்பிட்டுப் போகிற வரை யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. என்னை அடுப்படியில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, பீர் டின்னைத் திறந்து வைக்க மறந்துவிட்டேன். சிரிக்காதே. திறக்காத டின்னை அவர் எப்படிக் குடிப்பார்? உயிரோடு இருக்கும்போதுதான் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை, செத்த பிறகாவது ஒழுங்காகக் கவனிக்க வேண்டாமா? அடுப்படிக் கதவு வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே போனேன். டின்னைத் திறந்தேன். 'புஸ்' என்றது.

ஹாலில் பெரியத்தை, "ஐயோ, என் தம்பி! டின்னு தெறக்கிற சத்தம் கேட்டுச்சா?" என்று வீறிட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். வந்த வழியே ஓடியிருக்க வேண்டும். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் அந்த இறக்கை கண்ணில் பட்டது. என் வசவு விழுந்த நேரத்தில் அவர் பிடித்திருந்த இறக்கை. அவர் எண்ணி முடிக்காத நூறு. பசையைத் தடவி, ரேகை வெளியே தெரிகிற மாதிரி வைத்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்து நூறு எண்ணினேன். வெளியே ஒப்பாரி, உள்ளே நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். கதவைத் தட்டித் திறந்தார்கள். நீதான் முதலில் போனாய். எட்டு நாளுக்குப் பிறகு உன் குரலைக் கேட்டேன். "அம்மா, பசை இன்னும் ஈரமா இருக்கும்மா" என்றாய். அப்புறம், "பசிக்குதும்மா" என்றாய். அந்த இலையிலிருந்த மீ கோரெங்கை முழுவதும் நீதான் சாப்பிட்டாய்.

சொல்லு, அந்த நேரத்தில் எந்தத் தாய் உண்மையைச் சொல்வாள்?

அன்றைக்கு ஒரு பொய்யோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நீ பையை எறிந்துவிட்டு மேசைக்கு ஓடினாய். ஒன்றும் மாறவில்லை என்று பார்த்ததும் உன் முகம் விழுந்த விதத்தை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து நீ பள்ளிக்கூடம் போனதும் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தினமும் ஒரு வேலை. ஒரு நாள் மேல் அடுக்குக்கு ஒரு இறக்கை, ஒரு நாள் உப்புத்தாள் தேய்ப்பது, ஒரு நாள் பாராசூட்டுக்கு நூல் கட்டுவது. நுணுக்கமான வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் என் வேலை மாதிரி இருக்கக்கூடாதே. அதனால் அவர் செய்வது மாதிரி செய்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அரை கிளாஸ் தே குடித்துவிட்டு மீதியை அங்கேயே விட்டேன். பென்சிலை அவர் வைக்கிற பக்கம் வைத்தேன். நீ வந்து, "இன்னைக்கு மேல் அடுக்குல ரெண்டாவது எறக்கை ஒட்டிட்டாரும்மா! தேயும் குடிச்சிருக்காரு!" என்று கத்துவாய், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியாய்யா?" என்பேன். நடிப்பு என்று சொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார உட்கார எனக்கே அது பிடித்துப்போனது. காலை ஆட்டுவது, தொண்டையைச் செருமுவது எல்லாம் தானாக வந்தது. ஒரு தடவை கண்ணாடி அலமாரியில் என் முகத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்தேன்.

கடைசி இறக்கை ஒட்டிய மத்தியானத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாசல் கேட் பூட்டியிருந்தது. தெருவில் ரொட்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது வரை ஞாபகம் இருக்கிறது. மேசையில் முழங்கை ஊன்றி, தலை குனிந்து, இறக்கையைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபது தாண்டியிருக்கும். எனக்குப் பின்னால் அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது. "சோறு ஆறிக் கல்லாப் போச்சு. மீன் கொழம்பா, சாம்பாரா?" என்று ஒரு பெண் கத்தினாள். அது என் குரல், தம்பி. என்னுடைய அதே எரிச்சல். நான் திரும்பவில்லை. கையை எடுத்தால் இறக்கை சாய்ந்துவிடுமே என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தேன் என்றால் நீ நம்புவாயா? "ம்" என்று சொன்னேன். அந்த "ம்" என் தொண்டையிலிருந்துதான் வந்தது, ஆனால் அது என் குரல்தான் என்று எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்யமாட்டேன். நூறு எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அடுப்படியில் யாரும் இல்லை. அன்று நான் சமைக்கவே இல்லை, அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கரண்டி மட்டும் தரையில் கிடந்தது.

தூக்கமில்லாதவளுக்குக் காது ஆயிரம் பேசும். ஆணியில் மாட்டிய கரண்டி தானாக நழுவி விழும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை. ராக்கெட்டில் மீதி இருந்தது இரண்டு என்ஜின்களையும் உள்ளே பொருத்துவது மட்டும்தான். அதற்கு முன்பும் நான் என்ஜினைத் தொட்டதில்லை, வெடிமருந்து என்றாலே எனக்கு நடுக்கம். அவை பெட்டிக்குள் அப்படியே இருந்தன. இனி ஒன்றும் நடக்காது, கருமாதி முடிந்ததும் இவனும் மறந்துவிடுவான் என்று எண்ணினேன்.

கருமாதி முடிந்த அடுத்த சனிக்கிழமை நீ ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். சித்தப்பா வேலை செய்கிற அன்னாசித் தோட்டத்துக்குப் போனோம். மதிய இடைவேளை, வேலையாட்கள் யாரும் இல்லை. கறுத்த மண், கண்ணுக்கு எட்டின தூரம் அன்னாசி வரிசை, மேலே வெள்ளையாக ஒரு வானம். டிராக்டர் திருப்புகிற வெட்டவெளியில் கம்பியை நட்டு ராக்கெட்டை மாட்டினாய். தழை மக்கிய அந்த மண் தீப்பிடிக்கும் என்று சித்தப்பா இரண்டு டின் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "சட்டுனு விட்டுருவோம் அண்ணி. பக்கத்துக் கம்பத்து ஆளுங்க பாத்தா, அலமாக், என்னமோ ஏதோன்னு ஓடி வந்துருவாங்க லா" என்றார். நீ சுவிட்சுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பத்திலிருந்து கீழே எண்ணினாய். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு இடம் விட்டாய், இன்னொருவர் எண்ணுவதற்கு இடம் கொடுக்கிற மாதிரி. சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

அது கிளம்பியது. ஒரு சீறல், ஒரு புகைக்கோடு, அப்புறம் தீ அணைந்துவிட்டது. கீழ் அடுக்கு கழன்று புரண்டு விழுவது தெரிந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அந்த இடைவெளி ஒரு நொடிகூட இருக்காது என்று சித்தப்பா சொல்வார், எனக்கு அது நீண்டுகொண்டே போனது. அப்புறம் ரொம்ப உயரத்தில் இன்னொரு தீ பற்றியது. மேல் அடுக்கு நேராக அந்த வெள்ளைக்குள் நுழைந்தது. பாராசூட் விரியவில்லை, வெடித்த சத்தம் இல்லை, எதுவும் கீழே வரவில்லை. அன்னாசி முள் காலெல்லாம் கிழிக்க மூன்று பேரும் வெயில் சாயும் வரை தேடினோம். அதற்கப்புறமும் சித்தப்பா பல வாரம் தேடினார், வேலையாட்களிடம் சொல்லி வைத்தார். இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லை.

கீழ் அடுக்கு கிடைத்தது. நீதான் கண்டுபிடித்தாய். அதன் கருகிய என்ஜின் தலையில் ஒரு சுற்று டேப் பாதி உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அண்ணி, நுனிய உள்ள மடிச்சிருக்கு. அண்ணன் மடிக்கிற மாதிரியே." உன் அப்பா டேப்பைக் கிழித்தால் நுனியை ஒரு விரல் அகலத்துக்கு மடக்காமல் விடமாட்டார், அடுத்து எடுப்பவர் நகத்தால் சுரண்டக்கூடாது என்பார். நான் உன்னைப் பார்த்தேன். "என்ஜினையும் அப்பாவே மாட்டிட்டாரும்மா. நேத்து வந்து பாத்தேன், உள்ள இருந்துச்சு" என்றாய். பிறகு அந்தச் செய்முறைத் தாளைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டேன். இரண்டு என்ஜினையும் முட்ட வைத்து ஒரு சுற்று டேப் ஒட்டாவிட்டால் தீ மேலே தாவுவதற்குள் கீழது கழன்றுவிடும், மேலது பற்றாது என்றார். நான் அந்த டேப்பை ஒட்டவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது.

ஆக, என் ஒப்புதல் இதுதான். டின் திறந்தது நான். இறக்கைகள், நூல், அரை கிளாஸ் தே எல்லாம் நான். கீழ் அடுக்கில் இருக்கிற அந்தக் கைரேகை மட்டும் அவருடையது. நீ சோறு உண்பதற்காக நான் சொன்ன ஒரு பொய்யில் பதினான்கு வருஷம் குடியிருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. வருஷாவருஷம் திதியன்று நீ புதுப் பசைக் குழாய் வாங்கி மூடியைத் திறந்து படத்துக்கு முன்னால் வைக்கிறாய். அடுத்த நாள் காய்ந்து கட்டியாகப் போனதை நான்தான் எடுத்துக் குப்பையில் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுத்து, இந்த வருஷம் வேண்டாம் என்று விழுங்கினேன். நீ வீட்டோடு இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான், என்னை மன்னித்துவிடு.

டேப்பைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நீ கெட்டிக்காரன். ஒரு பதினாலு வயதுப் பையன், அம்மா, அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேயாடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். அம்மா திடீரென்று நிறுத்தியதும், அவளுக்கு இது வேண்டும் போலிருக்கிறதே என்று மீதியை நீயே செய்திருக்கலாம். அப்படியென்றால் பதினான்கு வருஷமாக நான் உனக்கும் நீ எனக்கும் அவரைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அல்லது நீ சொன்னது சொன்னபடி உண்மையாக இருக்கலாம். எது என்று நான் கேட்கமாட்டேன். நீயும் என்னிடம் சொல்லாதே. ஷாலினியிடம் சொல், அவளிடம் எதையும் மறைக்காதே. என்னிடம் வேண்டாம். பசை காய்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, நீ கையை எடுக்கலாம். அது சாயாது.

இன்னும் ஒன்று. இந்தத் தாள்களை உறையில் போட்டு ஒட்டலாம் என்று இப்போதுதான் இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்தேன். முந்தாநாள் ஷாலினி வீட்டுக்கு முறுக்குப் பொட்டலம் கட்டியபோது பயன்படுத்தியது நான்தான். நான் பல்லால் கடித்துப் பிய்த்து நுனியை அப்படியே விட்டுவிடுகிறவள், அதற்காகவே உன் அப்பாவிடம் ஆயுசுக்கும் பேச்சு வாங்கியவள். அதற்குப் பிறகு வீட்டுக்கு யாரும் வரவில்லை, நீயும் ஊரில் இல்லை. இன்றைக்கு அந்த நுனி ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே மடங்கி இருக்கிறது. நான் எப்படிப்பட்ட பொய்க்காரி என்று இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன், அதனால் நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். அந்த நுனியைப் பிடித்து இழுத்துத்தான் உறையை ஒட்டப் போகிறேன். நீ அவளோடு மீரிக்குக் கிளம்பு, தம்பி. அவர் தேடி வந்தால் நான் இருப்பேன்.

அம்மா